பொட்டலம் பால் குடிக்கும் நேரம்

எங்கள் அலுவலகத்தில் அளக்கப்படாத பொருள் என்று ஒன்று கிடையாது. உட்காரும் நாற்காலிக்குக்கூட உயரச் சான்று உண்டு. எந்தக் கடையில் தராசு தொங்கினாலும், எந்தச் சந்தையில் எடைக்கல் உருண்டாலும் அதில் எங்கள் முத்திரை இருந்தாக வேண்டும். அந்த முத்திரையைக் குத்துகிறவள் நான். முத்திரை காலாவதியான தராசைக் கண்ணால் கண்டுவிட்டால், அது யாருடையதாக இருந்தாலும், நான் எந்தக் காரியமாகப் போயிருந்தாலும், அங்கேயே பறிமுதல் செய்ய வேண்டும் என்பது விதி. சொந்தச் சித்தப்பாவின் பழைய இரும்புக் கடைத் தராசையே தூக்கிக்கொண்டு வந்தவள் நான். சித்தி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும், விதி விதிதான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அப்போது எனக்குக் குழந்தை பிறந்திருக்கவில்லை.

எங்கள் துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பெரிய தராசு. அவர் காதில் விழாமல்தான் சொல்வோம். அவர் முன்னிலையில் ஒரு பொருள் முதன்முதலாக அளக்கப்பட்டால், வந்த அளவு எதுவோ அதுதான் மூல அளவு. அதற்கு மேல்முறையீடு இல்லை. ஒருமுறை கூட்ட அறையை அளந்தபோது நாடா நடுவில் மடிந்திருந்தது. அன்றிலிருந்து எங்கள் கூட்ட அறை ஒரு முழம் குட்டை. புது விரிப்பு வாங்கும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு முழம் வெறுந்தரையாக நிற்கும். எல்லோரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

பிரசவ விடுப்பு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று, குழந்தையைத் துணியில் இறுக்கிச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தேன். வாசல் காவலர் நிறுத்தி, "என்னம்மா பொட்டலம்? பிரிச்சுக் காட்டுங்க" என்றார். பிரித்துக் காட்டினேன். பொட்டலம் அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அலுவலகம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கீழ்த்தளத்தில், பறிமுதல் செய்த தராசுகளைப் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்துக் குழந்தைக் காப்பக அறையாக ஆக்கியிருந்தார்கள். அங்கே பொட்டலத்தைக் காப்பக அக்காவிடம் விட்டுவிட்டு, பசிக்கும்போது அக்கா ஃபோன் செய்தால் இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது என்று ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். பொட்டலத்துக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது, அதுதான் சிக்கல். நாலு வாய் இழுப்பாள், நிறுத்துவாள். என் சட்டைப் பொத்தானைப் பார்த்து ஏதோ யோசிப்பாள். தூங்கிவிட்டாளே என்று மெல்ல எடுக்கப் பார்த்தால், கண்ணைத் திறக்காமலேயே மறுபடி இழுக்க ஆரம்பிப்பாள். வயிறு நிறைந்ததும் தானாக வாயை விட்டுவிட்டு, கள் குடித்தவள் மாதிரி தலையைத் தொங்கப் போடுவாள். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். பெற்றவளுக்குப் பிடிக்காமல் வேறு யாருக்குப் பிடிக்கும்?

முதல் நாள் மேலே வந்தபோது பிரிவுத் தலைவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா போயிருந்தீங்க?"

"கீழே சார். குழந்தைக்குப் பால் குடுக்க."

"அது தெரியும். ஒரு தடவை குடுக்க எவ்வளவு ஆகும்?"

"அவ குடிச்சு முடிக்கிற வரைக்கும் சார்."

அவர் முகம் இருண்டுவிட்டது. "அதுக்கு அலகு என்னம்மா?"

"அலகா?"

"நிமிஷமா, லிட்டரா, என்ன? அலகே இல்லாம ஒரு பதிலை நான் மேலே எப்படி அனுப்புறது? நாம என்ன காய்கறிக் கடையா நடத்துறோம்?"

சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார். டீக்கு அலகு கேட்டவர் யாருமில்லை.

ஒரு வாரத்துக்குள் குழு அமைத்துவிட்டார்கள். பாலூட்டல் கால அளவு நிர்ணயக் குழு. ஐந்து பேர். ஐவரும் பால் குடித்து வளர்ந்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கும் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை. முதலில் கணக்குப் பிரிவு அம்மாவைத்தான் போட்டிருந்தார்கள். அவர் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். முதல் கூட்டத்திலேயே, "ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மாதிரிங்க. எம் மூத்தவன் அஞ்சு நிமிஷத்துல கடகடன்னு குடிச்சுட்டு ஓடிடுவான், சின்னது அரை மணி நேரம் ஆனாலும் விடாது" என்று சொல்லிவிட்டார். அனுபவம் உள்ளவர் கருத்தில் நடுநிலை இருக்காது என்று அவரை அன்று சாயங்காலமே நீக்கினார்கள். அவர் இடத்துக்கு நேரப் பிரிவு ஆய்வாளர் வந்தார். கடிகாரங்களைச் சோதித்துச் சான்று கொடுப்பவர். பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. விநாடி சார் என்றால்தான் தெரியும். கல்யாணம் ஆகாதவர். எள் என்றால் எண்ணெயாக நிற்பவர்.

என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை; ஐந்து பேரும் மேசையில் இருந்த காகித எடையைப் பார்த்துப் பேசினார்கள்.

"இடப்பக்க... அதாவது இடது கலன்... அதுல எவ்வளவு நேரம்?"

"கலனா?"

"வலது கலன்ல தனியா நேரம் உண்டா, இல்ல ரெண்டுக்கும் சேர்த்தா?"

"ஒரு பக்கம் அவளே விட்டதும் மறுபக்கம் வெப்பேன் சார். சில நாள் வேணாம்னுடுவா. சில நாள் அதையும் ஒரு கை பாத்துடுவா."

"சில நாள், சில நாள்," என்று குழுத் தலைவர் பெருமூச்சு விட்டார். "இப்படிப் பேசினா நாடு எப்படிம்மா முன்னேறும்?"

என் பேச்சு உதவாது என்று தெரிந்ததும் அவர்களே சோதனையில் இறங்கினார்கள். ஐந்து டம்ளர் பால் வரவழைத்து, விநாடி சார் கடிகாரத்தை அமுக்க, ஐவரும் ஒரே நேரத்தில் குடித்தார்கள். ஒருவருக்குப் பாலாடை ஒத்துக்கொள்ளாது. அவர் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார். ஒருவர் சர்க்கரை கேட்டு அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். குழுத் தலைவருக்கு நாக்குச் சுட்டுவிட்டது. அதற்குத் தனியாகச் சூட்டுச் சலுகை கொடுத்தார்கள். சராசரி எடுத்தார்கள். குழந்தை சின்னது, ஆனால் அதன் வாயும் சின்னது, ஆகவே இரண்டும் கழிந்துவிடும் என்று முடிவு செய்தார்கள். கடைசியில் எட்டு நிமிடம் என்று வந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து.

காப்பக அறையின் மூலையில் திரை கட்டி, சிவப்பு விளக்கும் மின்மணியும் பொருத்தினார்கள். திரைக்கு வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு விநாடி சார் நின்றார். நல்ல மனிதர், கூச்சத்தில் காது சிவந்துவிடும். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் வாய் நிற்காது.

"ஆரம்பிச்சாச்சுங்களா? சரி. ... பாதி ஆச்சும்மா. ... இன்னும் தொண்ணூறு விநாடி. ... அறுபது. ... கொஞ்சம் சீக்கிரம் குடிக்கச் சொல்லுங்களேன்."

"நீங்களே சொல்லுங்க சார்."

"பாப்பா, முப்பது விநாடிதான் இருக்கு," என்று அவர் நிஜமாகவே சொன்னார்.

பால் என்ன, குழாயைத் திறந்ததும் கொட்டுவதா? உடம்பு மனசு வைத்து இறங்க வேண்டும். பின்னால் ஒருவர் விநாடி எண்ணிக்கொண்டிருந்தால் எந்த உடம்பு மனசு வைக்கும்? பால் இறங்கத் தொடங்கும்போது மணி அடிக்கும். பொட்டலத்துக்குத் தூக்கிவாரிப்போடும், வாயை விடுவாள். முகம் சுருங்கும், உதடு பிதுங்கும், பிறகு ஒரே வீறல். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் பால் குடித்த பிள்ளைதான் அழுதது.

மேலே வந்து உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. கீழே அவள் அழுவது மூன்று மாடி தாண்டிக் கேட்கிற மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். யார் மேசையில் ஃபோன் அடித்தாலும் எனக்குப் பால் கட்டி நெஞ்சு கனத்து, சட்டை நனைந்துவிடும். மேலே துண்டைப் போட்டுக்கொண்டு முத்திரை குத்துவேன். அந்த நாட்களில் நான் குத்திய முத்திரைகளில் பாதி கோணல். எந்தக் கடைக்காரரும் புகார் செய்யவில்லை.

வீட்டிலும் பொட்டலம் மணியை எதிர்பார்த்துப் பாதியில் விட்டுவிடப் பழகிவிட்டாள். குழந்தைகளை எடை பார்க்கும் சுகாதார நிலையத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவர் பஸ் ஓட்டுகிறவர், எதற்கும் பதற்றப்படாதவர். தராசு முள்ளைப் பார்த்ததும் அவரே குனிந்து மறுபடி பார்த்தார். போன தடவை இருந்த இடத்திலேயே முள் நின்றது. ஒரு மயிரிழைகூட மேலே போகவில்லை.

நர்ஸ் என்னைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் குடுக்கறே?"

"எட்டு நிமிஷம்."

"யாரு சொன்னா எட்டு?"

"குழு."

"என்ன குழு? பிள்ளை வாயை எடுக்கிற வரைக்கும் குடும்மா. முதல்ல வர்றது தண்ணி மாதிரி இருக்கும், தாகத்துக்கு. போகப்போகத்தான் கொழுப்பா வரும். நீ தாகத்தை மட்டும் தீத்துட்டுப் பசியோட புடுங்கி எடுக்கறே." குரலைத் தாழ்த்தினார். "அடுத்த தடவையும் முள்ளு ஏறலேன்னா டாக்டர் டப்பாப் பால் எழுதிடுவாங்க. நல்லாப் பால் இருந்தும் ஏம்மா அதுக்குப் போறே?"

வெளியே வந்ததும் நான் அழுதேன். நெஞ்சு நிறையப் பால் இருக்கிறது, குடிக்க ஆசையாகப் பிள்ளையும் இருக்கிறது, நடுவில் ஒரு மணி நிற்கிறது. வீட்டுக்காரர் குழந்தையை வாங்கிக்கொண்டு, "பஸ்ஸே அவ்வளவு கரெக்டா ஓடுறதில்ல, பிள்ளை என்னடி பண்ணும்?" என்றார். வேலையை விட்டுவிடு என்று சொல்வாரோ என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. எங்களால் அது முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

மறுநாள் குழுவிடம் போய்க் குழந்தைக்கு எடை ஏறவில்லை என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. எடை என்ற சொல்லைக் கேட்டதும் ஐந்து பேருக்கும் கண்ணில் வெளிச்சம் வந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

அளந்து பார்த்துவிடுவோம் என்றார்கள். குடிக்கும் முன் ஒரு எடை, குடித்த பின் ஒரு எடை, வித்தியாசம்தான் பால். கேட்க ஒழுங்காகத்தான் இருந்தது. சான்று பெற்ற தராசை மாடியிலிருந்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். பொட்டலத்தை அவள் துணியோடு சேர்த்து எடை போட்டார்கள். விநாடி சார் எட்டு நிமிடம் எண்ணினார். எட்டு நிமிடத்தில் அவள் கொஞ்சம் பால் குடித்தாள், நிறைய மூத்திரம் பெய்தாள். ஈரப் பொருளைத் தராசில் வைக்கக் கூடாது என்பது விதி; தட்டு துருப்பிடிக்கும். ஆகவே ஈரத்துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் எடை போட்டார்கள்.

எடை குறைந்திருந்தது.

குழுவில் ஒருவர் தராசைச் சோதித்தார். முத்திரை சரியாக இருந்தது. அது நான் குத்திய முத்திரை, கோணல் ஆரம்பிக்கும் முன் குத்தியது.

"சார், துணி," என்றேன்.

"குறுக்கே பேசாதீங்க. அளவு பேசிட்டிருக்கு," என்றார் குழுத் தலைவர். பிறகு வருத்தமான குரலில், "பால் குடிக்கக் குடிக்க இந்தக் குழந்தைக்கு எடை குறையுது. நாம எட்டு நிமிஷம் குடுத்ததே அதிகம். நாமளே ஒரு குழந்தையோட உடம்பைக் கெடுத்திருக்கோம்," என்றார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, எட்டு ஆறானது.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேரே பெரிய தராசின் அறைக்குப் போனேன். அனுமதி கேட்கவில்லை, கேட்டால் அதற்கு ஒரு வாரம் ஆகும். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொல்லித் தானும் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"உங்க கஷ்டம் புரியுதும்மா. நானும் ஒரு தாய் வயித்துல பிறந்தவன்தான். ஆனா பாருங்க, உங்க குழந்தைகிட்ட ஒரு குறை இருக்கு. அதுக்கு நிறுத்தத் தெரியல. ஆரம்பிக்கறது யாருக்கும் சுலபம். எங்க நிறுத்தணும்னு தெரியறதுதான் மனுஷனுக்கு அழகு. என்னையே எடுத்துக்கோங்க..."

அவரையே எடுத்துக்கொண்டு அவர் பேசினார். அவர் படித்த பள்ளி, வாங்கிய பதக்கம், முதல் வேலை, முதல் வேலையில் இருந்த அதிகாரி, அந்த அதிகாரியின் மாமனார். கீழே பொட்டலத்துக்குப் பசிக்கும் நேரம் வந்து போனது. என் சட்டை நனைந்தது. அவர் மாமனாரிடமிருந்து மீண்டு வந்தபோது ஒரே ஒரு நல்ல செய்தி சொன்னார்: வருகிற வெள்ளிக்கிழமை பாலூட்டும் அறைக்குத் திறப்பு விழா. அவரே உரையாற்றுவார். அவர் முன்னிலையில் முதல் அதிகாரபூர்வமான பாலூட்டல் நடக்கும். மூல அளவு அன்று நிர்ணயமாகும்.

"அதுக்கப்புறம் இந்தக் குழப்பமே இருக்காது. ஆறு நிமிஷம்னா ஆறு நிமிஷம், என்னைக்கும்," என்றார்.

என்னைக்கும் என்றால் என்ன? பொட்டலம் மட்டுமல்ல. தட்டச்சுப் பெண் மாசமாக இருந்தாள். அவள் பிள்ளைக்கும் அதே ஆறு. பிறக்காத பிள்ளைகளுக்கெல்லாம் ஆறு. எடை பார்க்கும் நாள் விழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை. அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் சரியாகப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் அந்த வெறுந்தரை ஒரு முழத்தைத் தாண்டி எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் ஒரு பக்கம் மைக், மறுபக்கம் ஆளுயரத் திரை. திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் நானும் பொட்டலமும். வெளியே விநாடி சார், ஒரு கையில் சான்று பெற்ற கடிகாரம், மறுகை மணிப் பொத்தானில். மணி அடிக்கும்போதுதான் கடிகாரத்தை நிறுத்தலாம். அடிக்காமல் நிறுத்தினால் அளவு செல்லாது. அதுவும் விதி.

"பாலூட்டல் ஆரம்பம்," என்று குழுத் தலைவர் அறிவித்தார். கடிகாரம் கிளிக் என்றது. பெரிய தராசு தொண்டையைச் செருமினார்.

"அன்பான ஊழியர்களே, சுருக்கமா ரெண்டு வார்த்தை..."

பொட்டலத்துக்கு அவர் குரல் பிடித்திருந்தது. ஏற்ற இறக்கமே இல்லாத குரல். அவள் என் பொத்தானைப் பார்த்து யோசித்தாள், நாலு வாய் இழுத்தாள், நிறுத்தினாள். நான் மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு முதுகு விறைக்க உட்கார்ந்திருந்தேன். இதோ, இப்போது, இதோ.

"...கட்டுப்பாடு! ஒரு குழந்தை முதல்ல கத்துக்க வேண்டியது கட்டுப்பாடு! போதும்ங்கற வார்த்தையை நாம மறந்துட்டோம்..."

திரையின் இடுக்கில் விநாடி சார் தெரிந்தார். ஆறு நிமிடம் ஆகியிருக்க வேண்டும். அவர் விரல் பொத்தானை அமுக்கப் போனது. பெரிய தராசு பேச்சை நிறுத்தாமலேயே திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். தலைவர் பேசும்போது மணி அடிப்பதா? குழுத் தலைவர் முதல் வரிசையிலிருந்து கையை ஆட்டி வேண்டாம் என்றார். விநாடி சார் விரலை எடுத்துவிட்டார். அவர் காது சிவந்தது. கடிகாரம் ஓடியது.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் முதுகு தானாகச் சாய்ந்தது. பேசு சாமி, பேசு என்று மனசுக்குள் சொன்னேன். உன் பள்ளிக்கூடம், உன் பதக்கம், உன் அதிகாரியின் மாமனார், ஒன்று விடாமல் பேசு. பால் இறங்கியது. பொட்டலத்தின் தொண்டையில் மடக் மடக் என்று சத்தம் கேட்டது. எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு! ஒரு பக்கம் முடித்து அவளாக விட்டாள். மறுபக்கம் வைத்தேன். அதையும் ஒரு கை பார்த்தாள். கைவிரல்கள் இறுக்கம் விட்டு மலர்ந்தன. கடைசியில் வாயைத் தானாக எடுத்தாள், உதட்டோரம் ஒரு சொட்டுப் பால் வழிய, தலையைத் தொங்கப் போட்டாள். அவளுக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

"...இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுடறேன்," என்று பெரிய தராசு அப்போது சொன்னார். அப்படி மூன்றாவது முறை சொன்னார்.

நான் அவளைத் தோளில் போட்டுத் தட்டினேன். நல்ல கனமான ஏப்பம் ஒன்று வந்தது. மேடை மைக்குக்கு அது எட்டிவிட்டது. அறை முழுக்க ஒலித்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் விழித்து, உரை முடிந்துவிட்டது என்று நினைத்துக் கை தட்டினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. பெரிய தராசு மகிழ்ந்து, கும்பிட்டு உட்கார்ந்தார். விநாடி சார் மணியை அடித்தார்.

"முதல் அதிகாரபூர்வமான பாலூட்டலின் கால அளவை ஆய்வாளர் வாசிப்பார்," என்றார் குழுத் தலைவர்.

விநாடி சார் கடிகாரத்தைப் பார்த்தார், பெரிய தராசைப் பார்த்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "ஐம்பத்திரண்டு நிமிஷம்."

தவறு என்று சொன்னால் தலைவரின் உரை நீளம் என்று சொன்னதாகும். அதைச் சொல்ல ஐந்து பேருக்கும் வாய் வரவில்லை. தலைவர் முன்னிலையில் முதன்முதலாக அளக்கப்பட்டது மூல அளவு, மேல்முறையீடு இல்லை. பெரிய தராசு மட்டும், "அவ்வளவு நேரமா அந்தக் குழந்தை குடிச்சது?" என்று அருவருப்போடு கேட்டார்.

இன்று எங்கள் அலுவலகத்தில் ஒரு பாலூட்டலுக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். பொட்டலம் அதில் பாதிகூட எடுப்பதில்லை. சில நாள் பத்து நிமிடத்தில் விடுவாள், சில நாள் அரை மணி. அவள் வாயை எடுத்ததும் நான் மேலே போய்விடுவேன். மணி அடிக்கும்போது திரைக்குப் பின்னால் நாற்காலி காலியாக இருக்கும். விநாடி சார் மட்டும் கடைசி விநாடி வரை நிற்பார்.

விழாவுக்கு அடுத்த அந்தத் திங்கட்கிழமை எடை பார்க்கப் போனோம். பொட்டலத்தைத் தட்டில் கிடத்தினேன். முள் ஆடியது, தயங்கியது, போன தடவை நின்ற இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. "ஏறிடுச்சு!" என்று என் வீட்டுக்காரர் கூவினார். நர்ஸ் சிரித்து, "டப்பாப் பால் பேச்சே வேணாம்," என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பழக்க தோஷம், குனிந்து தராசின் அடியைப் பார்த்தேன்.

முத்திரை காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

நர்ஸ் என்னைப் பார்த்தார். "என்னம்மா, தராசுல ஏதாவது கோளாறா?"

பொட்டலத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். கனத்தாள். நன்றாகக் கனத்தாள்.

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். "நான் இன்னைக்கு லீவு."